அடுத்து யார் முறை?

சதுரங்கத்தில் வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழிகள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம். இரண்டு குதிரைகளும் ஆளுக்கு இரண்டு இடங்களுக்குத் தாவலாம். கறுப்புக்கும் அதே 20. ஆக, இருவரும் ஒருமுறை ஆடி முடிக்கும்போது 400 நிலைகள் வரக்கூடும். அவற்றில் சரியாக 20 நிலைகள் தனி ரகம். வெள்ளை செய்ததையே கறுப்பும் செய்திருக்கும். பலகையின் இரு பாதிகளும் ஒன்றின் பிம்பமாக மற்றொன்று நிற்கும்.

அங்கே படை சமம், இடம் சமம், ராஜாவின் பாதுகாப்பு சமம். மிஞ்சுவது ஒரே வேறுபாடு: அடுத்து ஆட வேண்டியவர் வெள்ளை.

சதுரங்கத்தை அறிவியல் கண்ணோடு பார்க்கிறவருக்கு இதைவிடச் சுத்தமான சோதனைச்சாலை கிடைக்காது. மற்ற நிலைகளில் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால் பத்துக் காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஒருவரிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும், இன்னொருவருடைய குதிரை நல்ல இடத்தில் இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. சமச்சீர்த் தொடக்கங்களில் அத்தனையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், ‘முறை’ மட்டும் தனியே நிற்கிறது. அந்த ஒரு முறையின் விலை என்ன? நல்ல ஆட்டக்காரர் இத்தகைய நிலையில் நகர்வைத் தேடும்போது உண்மையில் இந்த விலையைத்தான் கணக்கிடுகிறார். விடை நிலைக்கு நிலை மாறுகிறது என்பதே இதிலுள்ள அதிசயம்.

முதலில் இந்தக் கண்ணாடி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஆட்டம் தொடங்கும்போது ராணிக்கு நேரெதிரே ராணி, ராஜாவுக்கு நேரெதிரே ராஜா. அதனால் வெள்ளை ஆடுபவருக்கு ராணி ராஜாவின் இடப்பக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கம். பலகையைப் பாதியாக மடித்தால் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அரைச்சுற்றுத் திருப்பினால் பொருந்தாது. மடிப்பு விழும் கோடு நான்காம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் நடுவே ஓடுகிறது. அந்தக் கோட்டின் மேல் கட்டம் எதுவும் இல்லை.

எதிராளி செய்வதையே நாமும் செய்துகொண்டிருந்தால் தோற்க மாட்டோமே என்ற எண்ணம் சதுரங்கம் கற்கும் குழந்தைகள் பலருக்கு வருவதுண்டு. அது முட்டாள்தனமான எண்ணமே இல்லை. கணக்குப் பிரியர்களுக்குத் தெரிந்த ஒரு புதிரில் அதுதான் வெற்றி வழி. வட்ட மேசையில் இருவர் மாறி மாறி ஒரே அளவு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைக்க வேண்டும். வைக்க இடமில்லாதவர் தோற்றார். முதலில் ஆடுபவர் நடுமையத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, அதன்பிறகு எதிராளி வைக்கும் இடத்துக்கு நேரெதிரே வைத்துக்கொண்டே போனால் போதும். எதிராளிக்கு இடம் கிடைத்தால் எதிர்ப்புறத்தில் தனக்கும் இடம் உண்டு. முதலில் ஆடியவர் தோற்கவே முடியாது.

மேசையில் ஒரு நாணயம் இன்னொன்றை விழுங்குவதில்லை. சதுரங்கக் காய்கள் வெட்டும், வழி மறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, செக் கொடுக்கும். செக் விழுந்தால் ராஜாவைக் காப்பாற்றுவதைத் தவிர வேறெதையும் செய்ய விதியில் இடமில்லை. எதிராளியைப் பார்த்து அப்படியே ஆடுவது அந்த இடத்தில் சட்டப்படியே முறிந்துவிடும்.

எவ்வளவு சீக்கிரம் முறியும்? நான்கே நகர்வில். நெடுவரிசைகளை வெள்ளையின் இடமிருந்து ஏ முதல் ஹெச் வரை என்றும், கிடைவரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். மூலையில் நிற்பது யானை. சாய்கோட்டில் ஓடுவது மந்திரி. 1. சி4 சி5 2. ராணி ஏ4 ராணி ஏ5 3. ராணி சி6 ராணி சி3 4. வெள்ளை ராணி சி8 மந்திரியை வெட்டுகிறது, மேட். டி8 காலியாகிவிட்டதால் ராணியின் தாக்குதல் நேரே ராஜாமேல் விழுகிறது. சுற்றியுள்ள கட்டங்களைக் கறுப்பின் படையே அடைத்திருக்கிறது. ஏ8 யானை உதவிக்கு வரமுடியாதபடி பி8 குதிரை குறுக்கே நிற்கிறது. இதில் எனக்குச் சுவையாகப் படுவது மூன்றாவது நகர்வு. வெள்ளை ராணி சி6-இல் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே தானாகப் போய் நிற்கிறது. பி7 சிப்பாயோ டி7 சிப்பாயோ அதை வெட்டியிருந்தால் ஆட்டம் கறுப்பின் கையில். பிரதி எடுப்பதிலேயே குறியாக இருந்ததால் கறுப்பு இலவசமாக வந்த ராணியை விட்டுவிட்டது.

இது புதிருக்காகச் செய்த ஆட்டம். உண்மையான தொடக்கம் ஒன்றில் இதே கேள்வி இன்னும் நுட்பமாக வருகிறது. நான்கு குதிரைகள் ஆட்டம் என்று அதற்குப் பெயர். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. மந்திரி பி5 மந்திரி பி4 5. இருவரும் காஸ்லிங் 6. டி3 டி6. இதுவரை இரு தரப்பும் ஒன்று. இங்கே வெள்ளை 7. மந்திரி ஜி5 ஆடுகிறது. எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி போய்விடும். ஆகவே அந்தக் குதிரை கட்டுண்டு நிற்கிறது. அடுத்து வெள்ளைக் குதிரை டி5-க்குத் தாவினால் அதன்மேல் அழுத்தம் கூடும். கறுப்பு என்ன செய்ய வேண்டும்?

பார்த்து ஆடினால் 7... மந்திரி ஜி4. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு 8. குதிரை டி5 குதிரை டி4, 9. வெள்ளைக் குதிரை பி4 மந்திரியை வெட்ட, கறுப்புக் குதிரை பி5 மந்திரியை வெட்டுகிறது, 10. குதிரை டி5 குதிரை டி4, 11. ராணி டி2 ராணி டி7. பதினொரு நகர்வு முடிந்தும் சமச்சீர் துளிகூடக் கலையவில்லை. 12. வெள்ளை மந்திரி எஃப்6 குதிரையை வெட்டுகிறது. கறுப்பு மந்திரி எஃப்3 குதிரையை வெட்டுகிறது. 13. குதிரை இ7, செக்! கறுப்பின் குதிரையும் இ2-இல் இதே செக்கைக் கொடுக்கத் தயாராகத்தான் டி4-இல் நிற்கிறது. அதற்கு முறை வரவேயில்லை. ராணியால் இ7 குதிரையை வெட்டினால் எஃப்6 மந்திரி ராணியை வெட்டும். எனவே 13... ராஜா ஹெச்8. 14. மந்திரி ஜி7 சிப்பாயை வெட்டி செக். ராஜா அந்த மந்திரியை வெட்டியே ஆகவேண்டும். 15. ராணி ஜி5 செக், ராஜா ஹெச்8. 16. ராணி எஃப்6, மேட். பதின்மூன்றாவது நகர்விலிருந்து வெள்ளை ஆடியது அத்தனையும் செக். ஒரே ஒரு முறை முந்தியவர் அதைக் கடைசிவரை கைவிடவில்லை.

தப்பும் வழிகள் இருந்தன. பதினொன்றாவது நகர்வில் ராணியை நகர்த்தாமல் சி7 சிப்பாயை சி6-க்குத் தள்ளியிருந்தால், டி5 குதிரையின் கேள்வியை உடனே எழுப்பியிருக்கலாம். அதைவிட நல்லது ஏழாவது நகர்விலேயே விழித்துக்கொள்வது. 7... மந்திரி சி3 குதிரையை வெட்டிவிட்டால், டி5-க்குத் தாவப்போகும் குதிரையே இல்லை. 8. பி சிப்பாய் அந்த மந்திரியை வெட்ட, 8... ராணி இ7, பிறகு சி6 குதிரையை டி8 வழியாக இ6-க்குக் கொண்டுபோய் ஜி5 மந்திரியை விரட்டலாம். ஜெர்மானிய ஆட்டக்காரர் மெட்கரின் பெயரால் வழங்கும் திட்டம் இது. டி5-க்கு முதலில் போகப்போவது வெள்ளைதான் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அந்த ஓட்டப்பந்தயத்திலிருந்து விலகிவிடுகிறது கறுப்பு. சமச்சீர் நிலையை ஆராய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இரு தரப்பும் விரும்பும் ஒரே நகர்வு எது, அதை யார் முதலில் செய்வார்?

பெத்ரோவ் தற்காப்பில் இந்தக் கேள்வி மூன்றாவது நகர்விலேயே வந்துவிடுகிறது. ரஷ்ய ஆட்டக்காரர் அலெக்சாண்டர் பெத்ரோவின் (1794–1867) பெயர் தாங்கிய தொடக்கம் அது. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பும் உடனே இ4 சிப்பாயை வெட்டினால் 4. ராணி இ2. தாக்கப்பட்ட குதிரை எஃப்6-க்குத் திரும்பினால் 5. குதிரை சி6: நெடுவரிசை திறந்து ராணி செக் கொடுக்க, குதிரை எதிரி ராணியைத் தாக்குகிறது; ராணி போயிற்று. பார்த்து ஆடி 4... ராணி இ7 என்றால் 5. ராணி இ4 குதிரையை வெட்டும். அப்போதும் பிரதி எடுத்து இ5 குதிரையைக் கறுப்பு ராணி வெட்டினால், அந்த ராணியை வெள்ளை ராணி செக்கோடு வெட்டிவிடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் 3... டி6 ஆடி முதலில் குதிரையை விரட்டிவிட்டு, பிறகே இ4 சிப்பாயை வெட்டுகிறார்கள். வெட்டுவது அதே சிப்பாய்தான், வரிசைதான் வேறு.

இந்தத் தொடக்கம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்துக்கும் ஒரு கசப்பான பாடம் நடத்தியது. 1988-இல், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராக அவர் கறுப்பு ஆடினார். 3... டி6 4. குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. 5. குதிரை சி3 மந்திரி எஃப்5?? 6. ராணி இ2. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இ4 குதிரை நகர்ந்தால் ராஜா ராணியின் நேர்கோட்டில் சிக்கும், நகரவே முடியாது. டி2 சிப்பாய் டி3-க்கு வந்து அதை வெட்டிவிடும். முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸ், கிறிஸ்டியன்சன் இருவரும் ஆடிய ஆட்டத்தில் இதே 5... மந்திரி எஃப்5 வந்திருந்தது. அங்கே வெள்ளை ராணியை இ2-க்குக் கொண்டுவராததால் ஆட்டம் டிராவில் முடிந்தது. அச்சில் வந்த நகர்வு என்பதால் அது சரியான நகர்வு ஆகிவிடாது. பதினெட்டு வயதில் ஆறு நகர்வில் தோற்றவர் பிற்காலத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முறையின் விலையை அளந்து காட்ட எனக்குத் தெரிந்த மிக அழகான ஆட்டம் 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் நடந்தது. வெள்ளை ரோட்லேவி, கறுப்பு அகிபா ரூபின்ஸ்டைன். பதினைந்தாவது நகர்வாக வெள்ளை காஸ்லிங் செய்தபோது பலகையைப் பார்த்தால் ஏறக்குறைய முழுச் சமச்சீர். வெள்ளை ராணி இ2, கறுப்பு ராணி இ7. மந்திரிகள் பி2, டி3. எதிரே பி7, டி6. குதிரைகள் சி3, எஃப்3. எதிரே சி6, எஃப்6. ஏ3, பி4, இ3 சிப்பாய்கள். எதிரே ஏ6, பி5, இ6. வேறுபாடுகள் இரண்டுதான். கறுப்பின் யானை எஃப்8-ஐ விட்டு, திறந்து கிடக்கும் டி வரிசைக்கு வந்துவிட்டது. அடுத்து ஆடவேண்டியதும் கறுப்பு.

வெள்ளைக்கு இருந்த முதல் நகர்வின் ஆதாயம் எங்கே போயிற்று? நகர்வுகளை எண்ணினால் தெரிந்துவிடும். வெள்ளை மந்திரி டி3-க்குப் போனது, சி4-இல் சிப்பாயை வெட்டியது, மறுபடி டி3-க்கே திரும்பியது: மூன்று நகர்வு. அதற்கு இணையான இடத்துக்குக் கறுப்பு மந்திரி இரண்டே நகர்வில் வந்தது. வெள்ளை ராணி டி2 போய் இ2 வந்தது. கறுப்பு ராணி நேரே இ7. வீணானவை இரண்டு நகர்வு. அந்த இரண்டும் கறுப்பின் கணக்கில் ஏறியிருக்கின்றன: ஒன்று யானையின் நகர்வாக, மற்றொன்று முறையாக.

மேலும் பத்து நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. 22-ஆவது நகர்வில், ஹெச்4-இல் தாக்கப்பட்டு நின்ற தன் ராணியை அப்படியே விட்டுவிட்டு, ரூபின்ஸ்டைன் யானையால் சி3 குதிரையை வெட்டினார். வெள்ளை அந்த ராணியை எடுத்துக்கொண்டது. உடனே 23... யானை டி2, இன்னொரு பலி. வெள்ளை ராணி அதை வெட்ட, 24... மந்திரி இ4-இல் வெட்டி செக், 25. ராணி ஜி2-இல் மறிக்க, 25... யானை ஹெச்3. ஹெச்2-இல் விழப்போகும் மேட்டைத் தடுக்க வழியில்லாமல் வெள்ளை விட்டுக்கொடுத்தது. டி2-இல் பாய்ந்த யானை எது தெரியுமா? வெள்ளை வீணாக்கிய நேரத்தில் எஃப்8-இலிருந்து டி8-க்கு வந்த அதே யானை. ஒரு தொடக்கத்தில் இழந்த நகர்வை, பத்து நகர்வு கழித்து அது அடித்த அடியில் கையால் தொட்டுக் காட்ட முடிவது அபூர்வம்.

கறுப்பே முந்திக்கொண்டு சமச்சீரை உடைக்கவும் செய்யலாம். பிரெஞ்சுத் தற்காப்பின் பரிமாற்ற வகை (1. இ4 இ6 2. டி4 டி5 3. சிப்பாய்ப் பரிமாற்றம்) சலிப்பூட்டும் டிராவுக்குப் பேர்போனது. 1978-இல் பீர்ஷெபாவில் தத்தாய் 4. மந்திரி டி3 ஆடியதும் விக்டர் கோர்ச்னாய் 4... சி5 என்று சமச்சீரை உடைத்தார். 14 நகர்வில் வென்றார்.

இதுவரை சொன்னவற்றில் முறை தங்கமாக இருந்தது. அது எதற்கும் உதவாத நிலைகளும் உண்டு. 1965-இல் பிளெட் நகரில் நடந்த உலகச் சாம்பியன் தகுதிப் போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷும் முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தாலும் மோதினார்கள். சமச்சீர் ஆங்கிலத் தொடக்கம். ஒரு ஆட்டத்தில் பதின்மூன்று நகர்வு முடிந்ததும் முழுச் சமச்சீர்: வெள்ளைக்கு பி4, டி4 சிப்பாய்கள், யானை பி1-இல், சி1 மந்திரி இன்னும் வீட்டில், கறுப்புக்கு பி5, டி5, யானை பி8-இல், சி8 மந்திரி வீட்டில். ஏ வரிசையிலும் சி வரிசையிலும் சிப்பாய்களே இல்லை.

வெள்ளைக்கு முதலில் தோன்றுவது 14. மந்திரி எஃப்4. பி8 யானையைத் தாக்குகிறது. நான்கு குதிரைகளின் கதை இங்கேயும் நடக்குமா? பார்த்து ஆடி 14... மந்திரி எஃப்5 என்று பி1 யானையைத் தாக்கினால், 15. மந்திரி யானையை வெட்டும், கறுப்பு மந்திரியும் யானையை வெட்டும்; 16. ராணி மந்திரியை வெட்டும், கறுப்பு ராணியும் மந்திரியை வெட்டும். யானைகள் போயின, மந்திரிகள் போயின, சமச்சீர் மட்டும் போகவில்லை. வெள்ளை கொஞ்சம் தந்திரமாக 16. மந்திரி சி7 என்று ராணியைத் தாக்கினால் 16... மந்திரி சி2 என்று கறுப்பும் ராணியைத் தாக்கலாம். 17. ராணிகள் வெட்டுப்பட்டு, 18. யானைகள் அந்த மந்திரிகளை வெட்டி, மறுபடியும் சமம். ஏன்? இந்த வரிசையில் எங்கும் செக் இல்லை. கறுப்பின் கையைக் கட்டும் எதுவும் இல்லை. பார்த்து ஆட மனமில்லை என்றால் 14... யானை பி6 என்று ஒதுங்கிக்கொள்ளவும் இடமுண்டு.

இந்த நிலையில் கறுப்பு மேலானது என்று சொல்வது அபத்தம். ஆனாலும் ஆடுவதற்குக் கறுப்பே எளிது என்று தால் கருதியதாக அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ரூ சோல்டிஸ் எழுதியிருக்கிறார். இரண்டாவதாக ஆடுபவர் வெள்ளையின் நகர்வைப் பார்த்துவிட்டு, அதையே செய்யலாமா கூடாதா என்று முடிவெடுக்கலாம். தாக்குதலுக்குப் பேர்போன ஒருவரிடமிருந்து இந்தக் கருத்து வந்ததால் எனக்கு அதில் மதிப்பு அதிகம். முந்துவது ஒரு சொத்து என்றால், எதிராளி என்ன செய்தார் என்று தெரிந்திருப்பதும் ஒரு சொத்துதான்.

இன்னும் ஒரு படி போனால், முறையே விஷமாகும் இடம் வருகிறது. வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5, முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை ராஜா எஃப்5, கறுப்பு ராஜா டி4. வேறு காய் இல்லை. இது மடித்தால் பொருந்தும் சமச்சீர் அன்று, அரைச்சுற்றில் பொருந்துவது. யார் முறையோ அவர் தோற்றார். ராஜாவை நகர்த்தியாக வேண்டும். நகர்த்தினால் தன் சிப்பாயைக் காக்க முடியாது. சதுரங்கத்தில் ‘பாஸ்’ சொல்லி விட்டுவிட விதி இல்லாததன் விளைவு இது.

தங்கம், சமம், விஷம் எல்லாம் கலந்த சராசரி என்ன? பெருந்தொகை ஆட்டங்களைத் திரட்டிப் பார்த்தவர்கள் வெள்ளை எடுக்கும் புள்ளிகள் 52 முதல் 56 சதவீதம் என்று கண்டிருக்கிறார்கள். கணினி நிரல்கள் தொடக்க நிலையில் வெள்ளைக்குத் தரும் ஆதாயம் ஒரு சிப்பாயின் கால் பங்குக்கு அருகில். ஆனால் குறையே இல்லாமல் இருவரும் ஆடினால் முடிவு என்ன என்பது நிரூபிக்கப்படவில்லை. செக்கர்ஸ் விளையாட்டுக்கு 2007-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு விடை கண்டது: டிரா. சதுரங்கம் இன்னும் திறந்தே இருக்கிறது.

2018-இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் பெத்ரோவ் மறுபடி வந்தது. கார்ல்சன் வெள்ளை, கருவானா கறுப்பு. வெள்ளையின் முதல் ஒன்பது நகர்வுகளில் ஏழு ஒரே குதிரையுடையவை. எட்டாவது நகர்வில் இரு தரப்புக் குதிரைகளும் எதிரெதிர் ராணிகளை வெட்டின. ஒன்பதாவதில் இரண்டும் வந்த வழியே திரும்பின. இவ்வளவு சமமாகத் தொடங்கிய ஆட்டத்தில் பிற்பாடு கறுப்புக்கு வெற்றி வாய்ப்பே வந்தது. 68-ஆவது நகர்வில் மந்திரி ஹெச்4 ஆடியிருந்தால் வெற்றி என்று நார்வேயின் ஒரு வலிய கணினி காட்டியது. மனிதக் கண்ணுக்கு அது எட்டவில்லை, ஆட்டம் டிரா.

வீட்டில் பலகை இருந்தால் போர்ட்டிஷ், தால் நிலையை அடுக்கிப் பாருங்கள். 1. சி4 சி5 2. குதிரை சி3 குதிரை சி6 3. ஜி3 ஜி6 4. மந்திரி ஜி2 மந்திரி ஜி7 5. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 6. இருவரும் காஸ்லிங் 7. டி3 டி6 8. ஏ3 ஏ6 9. யானை பி1 யானை பி8 10. பி4, கறுப்பின் சி சிப்பாய் அதை வெட்ட, 11. ஏ சிப்பாய் பதிலுக்கு வெட்டுகிறது, பி5 12. சி சிப்பாய் அந்த பி5 சிப்பாயை வெட்ட, கறுப்பின் ஏ சிப்பாய் பதிலுக்கு வெட்டுகிறது 13. டி4 டி5. நகர்வு வரிசையில் சிறு மாற்றங்கள் இருந்தாலும் வந்துசேரும் இடம் இதுவே. வெள்ளையின் பதினான்காவது நகர்வாக எதைத் தேர்வீர்கள்? கறுப்பு அதையே திருப்பிச் செய்தால் உங்கள் அடுத்த நகர்வு என்ன? காரணத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அதன்பிறகு கணினியிடம் கேளுங்கள்.